எட்டு தடவை செத்தால் தம்பி வருவான்!

மாரியோ விளையாட்டில் ஒரே கட்டத்தில் எட்டு தடவை செத்துப்போனால் என்ன ஆகும், தெரியுமா?

எங்கள் ராயபுரத்தில், எங்கள் காலத்தில், "டைம் ஆயிடுச்சு, எந்திரிப்பா" என்பார் கடைக்காரர். அவ்வளவுதான் ஆகும். ஆனால் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 2009-ல் ஒரு கருணைத் திட்டம் கொண்டுவந்தது. 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ' என்ற விளையாட்டில் எட்டாவது முறை உயிரை விட்டதும் ஒரு பச்சைப் பெட்டி முளைக்கும். அதை முட்டினால் மாரியோவின் தம்பி லூயிஜி வருவான். நீங்கள் செத்துச் செத்து விழுந்த அதே கட்டத்தைத் தானே ஆடிக் காட்டுவான். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். நடுவில் வேண்டுமானால் வாங்கி ஆடலாம். வேண்டாம் என்றால் அவனே முடித்துக் கொடுப்பான். நீங்கள் அடுத்த கட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கணக்குப் பரீட்சைக்கு இப்படி ஒரு தம்பி கிடைத்திருந்தால்... சரி, விடுங்கள்.

இந்தச் சமாசாரத்தில் நான் இறங்கியதற்குக் காரணம் என் அக்கா பையன். திருவொற்றியூர், விம்கோ நகர் வாசி. பிளஸ் ஒன். கையில் செல்போன் இல்லாமல் அவனை நான் பார்த்தது, அவன் தொட்டிலில் இருந்தபோதுதான். போன கோடை லீவில் வீட்டுக்கு வந்தவனிடம் 1985-ல் வந்த ஒரிஜினல் மாரியோவை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். காளான் மாதிரி ஒரு குட்டிப் பிசாசு எதிரே தத்தித் தத்தி வருமே, முதல் பத்து விநாடியில்? அதன் மேலேயே மோதிச் செத்தான். மறுபடியும் செத்தான். மூன்றாவது தடவை குழியில் விழுந்தான். கேம் ஓவர்.

"இன்னா மாமா இது? சேவ் இல்லியா? எங்க போவணும்னு ஒரு அம்புக்குறிகூடக் காட்ட மாட்டேன்றான்!"

"வலது பக்கமா போடா. அவ்ளோதான் கேம்."

"அத யாரு சொன்னது?"

நியாயமான கேள்வி. யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் திரையைப் பாருங்கள். மாரியோ இடது ஓரத்தில் நிற்பான். வலது பக்கம் பூராவும் காலி. ஷிகெரு மியாமோட்டோ என்ற மனிதர் யோசித்து யோசித்து வைத்த திரை அது. 'போ' என்று சொல்லாமலே போக வைக்கிற வித்தை. பையன் அந்தக் காலி இடத்தைப் பார்க்கவில்லை, அம்புக்குறியைத் தேடினான்.

அப்போது என்ன இருந்தது, இப்போது என்ன ஆயிற்று என்று கொஞ்சம் பார்க்கலாம். 'எங்க காலத்துல...' என்று ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது உட்காருங்கள்.

எங்கள் ஏரியாவில் வீடியோ கேம் கடை என்றால் ஒரு வீட்டின் முன் ரூம். இரண்டு டி.வி., நாலு ஜாய்ஸ்டிக், ஓடாத ஒரு டேபிள் ஃபேன். அரை மணி அஞ்சு ரூபாய். ஹார்பரில் அப்பாவுக்கு ஓவர்டைம் கிடைத்த வாரம் நமக்கு ஒரு மணி நேரம். சாமான் எல்லாம் பர்மா பஜார் உபயம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் 1969-ல் கடை போட்ட அதே பர்மா பஜார்தான், துறைமுகத்துக்கு எதிர்வரிசை. நின்டெண்டோவின் அச்சு அசல் நகலாக ஒரு பெட்டி, '9999 இன் 1' என்று போட்ட கேசட். உள்ளே இருபது கேம்தான் இருக்கும். அதையே பெயர் மாற்றி மாற்றி 9999 ஆக்கியிருப்பார்கள். கேசட் வேலை செய்யவில்லையென்றால் வாயால் ஊத வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், ஊத வேண்டும்.

அந்த மாரியோவில் 32 கட்டங்கள். மூன்றே உயிர்கள். சேவ் கிடையாது. 31-வது கட்டத்தில் கரன்ட் போனால் மறுநாள் முதல் கட்டத்திலிருந்து. (வடசென்னையில் கரன்ட் எப்போது போகும் என்று ஜப்பான்காரனுக்கு எப்படித் தெரியும்?) ஏன் இவ்வளவு கொடுமை? அந்த விளையாட்டு மொத்தமும் 40 கே.பி. இன்றைக்கு உங்கள் மாமியார் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற 'குட் மார்னிங்' ரோஜாப்பூ அதைவிடப் பெரிசு. அவ்வளவு சின்ன இடத்தில் கடையை விரித்தவன், கஷ்டத்தைக் கொண்டுதான் அதை நீட்டியாக வேண்டும். விருந்தாளி ஜாஸ்தியானால் ரசத்தில் தண்ணி ஊற்றுகிற மாதிரி. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இப்போது அதே மாரியோவை ஐந்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். நமக்கு அதில் ஒரு வருஷம் ஓடியது.

இன்னொரு காரணம் காசு. காசு போட்டு ஆடுகிற ஆளுயரப் பெட்டிகள் இருந்தனவே, அவற்றின் உள்ளே பலவற்றில் பொடிப்பொடியாக ஸ்விட்சுகள் இருக்கும். எத்தனை உயிர், எவ்வளவு கஷ்டம் என்பதைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும்.

அந்தக் கஷ்டம் எந்த அளவுக்கு என்றால், செய்தவருக்கே தாங்கவில்லை. கோனாமி கம்பெனியில் கஸுஹிஸா ஹஷிமோட்டோ என்று ஒருவர். 1986-ல் 'கிரேடியஸ்' என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டை நின்டெண்டோ பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். தான் செய்ததைத் தானே சோதித்துப் பார்க்க முடியவில்லை. செத்துச் செத்து விழுந்தார். அதனால் மேல், மேல், கீழ், கீழ் என்று தொடங்குகிற ஒரு ரகசிய வரிசையை உள்ளே வைத்தார். வெளியிடும்போது எடுக்க மறந்துபோனார். அதே வரிசை பிறகு 'கான்ட்ரா'விலும் வந்தது. மூன்று உயிர் முப்பது உயிராகிவிடும். ஹஷிமோட்டோ 2020-ல் காலமானார். அவருடைய ரகசியம், இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், கல்மண்டபத்தில் எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. எப்படி? ஒருத்தனுடைய பெரியப்பா பையனுக்கு அடையாறில் ஒருத்தன் சொன்னானாம்! சொல்லிக் கொடுத்ததற்கு இரண்டு பன் பட்டர் ஜாம் வாங்கிக்கொண்டான்.

* * *

இந்த மாற்றம் முழுவதையும் ஒரே ஆளை வைத்துச் சொல்லிவிடலாம். பாரசீக இளவரசன்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை மறந்திருக்க மாட்டீர்கள். டாஸ், லோட்டஸ் கற்றுக்கொள்ள பீஸ் கட்டிவிட்டு, வாத்தியார் டீ குடிக்கப் போன கேப்பில் இந்தப் பையனைத் திறக்காத கம்ப்யூட்டர் சென்டர் திருவொற்றியூரில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்து 1989-ல் வெளியிட்டது. அறுபது நிமிஷம்தான் கெடு. அதற்குள் அரண்மனைப் பாதாளத்திலிருந்து ஏறி இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்குப் போவீர்கள், ஆனால் கடிகாரம் திரும்பாது. தரை இடியும். முள் குத்தும். இரும்புப் பல் இரண்டாக வெட்டும். ஒரு குப்பி மருந்து உயிர் கொடுக்கும், இன்னொரு குப்பி உயிரை எடுக்கும். எது எதுவென்று குடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மேப் போட்டு வைத்திருந்தோம். அந்த நோட்டுக்கு இருந்த மரியாதை லோட்டஸ் நோட்டுக்கு இல்லை.

2003-ல் அதே இளவரசன் புதுசாக வந்தான். கையில் ஒரு மாயக் கத்தி. பள்ளத்தில் விழுந்தால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். காலம் பின்னோக்கி ஓடி, விழுவதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். ஆனால் கத்தியில் மணல் தீர்ந்துபோனால் வித்தை பலிக்காது. அது ஒரு நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டியிருந்தது.

2008-ல் மறுபடி வந்தான். இந்தத் தடவை கூடவே எலிகா என்று ஒரு பெண். பள்ளத்தில் விழுந்தால் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். எத்தனை தடவை விழுந்தாலும் தூக்குவாள். முகம் சுளிக்காமல் தூக்குவாள். அந்த விளையாட்டில் சாகவே முடியாது. பத்தொன்பது வருஷத்தில் நம்ம இளவரசன் எங்கேயிருந்து எங்கே வந்துவிட்டான் பாருங்கள்! கல்யாணம் பண்ணி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

வழி காட்டுவதிலும் இதே கதைதான். 'மாரோவிண்ட்' என்று 2002-ல் ஒன்று. ஊர் பெரிசு. எங்கே போக வேண்டும் என்பதை ஊர்க்காரர்கள் வாயால் சொல்வார்கள்: பாலத்தைத் தாண்டு, பாறை வந்தால் வடக்கே திரும்பு என்கிற பாணியில். சில சமயம் அவர்கள் சொன்னது தப்பாகவும் இருக்கும்! "கல்மண்டபம் ஸ்டாப்ல எறங்கி, மன்னார்சாமி கோயில் தெரு கேளுங்க, அங்க ஒரு டீக்கடை வரும்" என்று நம்ம ஊரில் சொல்கிற மாதிரியே. அதன் அடுத்த பாகம் 2006-ல் வந்தபோது திரையின் அடியில் திசைகாட்டி, அதில் ஓர் அம்புக்குறி. அதற்கும் அடுத்த பாகமான 2011-ன் 'ஸ்கைரிம்'மில் ஒரு மந்திரம் போட்டால் தரையிலேயே கோடு விழும், அது மேலேயே நடந்து போகலாம். 2022-ல் வந்த 'காட் ஆஃப் வார் ராக்னரோக்'கில் நீங்கள் ஒரு புதிரைப் பார்த்து யோசிக்க ஆரம்பிப்பதற்குள் கூட வருகிற பையன் விடையைச் சொல்லிவிடுகிறான். பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சில் இருக்கிற முந்திரிக்கொட்டை போல! ஏற வேண்டிய பாறைகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து வைக்கிற பழக்கம் வேறு. காட்டுக்குள்ளே, ஆள் நடமாட்டமில்லாத மலையில், யாரய்யா போய் பெயின்ட் அடித்தது? என்ன பி.டபிள்யூ.டி. அது?

ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை ஒரு லாரியின் கேபினில் ஐம்பது வயது டிரைவர் ஒருவர் செல்போனில் கலர் மிட்டாய்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். முன்னால் வண்டி நகர்ந்தால் டக்கென்று போனை வைத்துவிட்டு கியர் போட வேண்டும். அவரிடம் கான்ட்ராவைக் கொடுத்தால் என்ன செய்வார்? 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் உடல் ஊனமுற்றவர்களுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகள் வைத்தார்கள்; சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்வையற்றவர்கள் அதை ஆடி முடித்தார்கள். அந்த வழிகாட்டலைக் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

காசிமேட்டுப் படகுகளில்கூட ஜி.பி.எஸ். இருக்கிறது. இருக்கட்டும், இருக்க வேண்டும். கடலில் வழி தப்பினால் உயிர் போகும். ஆனால் விளையாட்டில் கொஞ்சம் வழி தப்பிப் பார்க்கத்தானே ஐயா காசு கொடுக்கிறோம்?

கருணையெல்லாம் சும்மா வருவதில்லை. அன்றைக்கு சீக்கிரம் செத்தால் கடைக்காரனுக்குக் காசு. இன்றைக்கு நீங்கள் சாகாமல், எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் கம்பெனிக்குக் காசு. மிட்டாய் விளையாட்டு இருக்கிறதே, 2012-ல் வந்த 'கேண்டி கிரஷ்', அதில் ஐந்து உயிர். தீர்ந்தால் அரை மணிக்கு ஒன்று வீதம் திரும்ப முளைக்கும். பொறுமை இல்லையா, காசு கொடு, இப்போதே முளைக்கும்.

அக்கா பையன் பெருமையாகக் காட்டினான்: "மாமா, ஒரே மேட்ச்ல பதிமூணு கில்!" பப்ஜிதான். 2020 செப்டம்பரில் அரசாங்கம் தடை செய்து, அடுத்த வருஷம் வேறு பெயரில் திரும்பி வந்ததே, அது. கொஞ்சம் விசாரித்தால், அதில் புதிதாக ஆடுகிறவர்களின் மேட்சில் எதிரிகள் பலர் மனிதர்களே அல்ல. 'பாட்' என்கிறார்கள். கம்ப்யூட்டரே ஆடுகிற டம்மி ஆட்கள். நேராக எதிரே வருவார்கள், வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், சுட்டால் விழுவார்கள். பழைய படத்தில் ஹீரோவிடம் அடி வாங்க வரிசையில் நிற்கிற ஸ்டன்ட் ஆட்கள் மாதிரி. புதுசாக வந்தவன் தோற்றால் போனைக் கீழே வைத்துவிடுவான் அல்லவா, அதனால் ஜெயிக்க வைத்து உட்கார வைக்கிறார்கள். "பதிமூணுல எத்தனை பேர்டா மனுஷன்?" என்றேன். "தெர்ல மாமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ.

கஷ்டப்படுத்தினால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்கிற கம்பெனிக்காரர்களின் கணக்கும் சரியில்லை. ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பான் கம்பெனி 2011-ல் 'டார்க் சோல்ஸ்' வெளியிட்டது. செத்தால் திரை முழுக்க சிவப்பு எழுத்தில் 'நீ செத்தாய்' என்று போடும். மறுவருஷம் வந்த கம்ப்யூட்டர் பதிப்பின் பெயரே 'சாகத் தயாராகு'. அவர்களே 2022-ல் கொண்டுவந்த 'எல்டன் ரிங்' இரண்டரை வருஷத்துக்குள் இரண்டரைக் கோடிப் பிரதிகள் விற்றது.

* * *

பையனுடைய இன்னொரு பெருமை, செல்போன் கேரம். அதில் அவன் ஏதோ பெரிய ரேங்க். பார்த்தேன். ஸ்ட்ரைக்கரை விரலால் இழுத்தால் ஒரு வெள்ளைக் கோடு வருகிறது: இங்கே அடித்தால் காயின் இப்படிப் போகும் என்று. கோடு பாக்கெட்டுக்கு நேராக வரும்வரை இழுத்து, விட வேண்டியதுதான். இதன் அண்ணன்காரனான '8 பால் பூல்' என்ற பில்லியர்ட்ஸ் விளையாட்டில் நல்ல குச்சியாக வாங்கினால் அந்தக் கோடு இன்னும் நீளுமாம். கோட்டை முழம் போட்டு விற்கிறார்கள்!

கேரமை இப்படி ஆடுகிற பையன் எந்த ஊரில் இருக்கிறான், தெரியுமா? முதல் உலக கேரம் சாம்பியன்ஷிப் 1991-ல் டெல்லியில் நடந்தபோது ஜெயித்தவர் நம்ம சென்னைக்காரர் மரிய இருதயம். 1995-லும் அவர்தான். 1996-ல் அர்ஜுனா விருது. 2008-ல் பிரான்ஸில் பெண்கள் பட்டத்தை வாங்கிய இளவழகி, வியாசர்பாடி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம், ஆட்டோ ஓட்டுநரின் மகள். சந்து முனையில் பல்பு கட்டி, பவுடர் தூவி ஆடுகிற ஆட்டத்தில் உலகத்தையே ஜெயித்த பேட்டை இது. அந்தப் போர்டில் கோடு எதுவும் வராது.

அழைத்துக்கொண்டு போனேன். தெரிந்தவர் நடத்துகிற கிளப். ஒரே ரூம், நாலு போர்டு, மேலே தொங்குகிற விளக்கு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி, யூனிஃபாரம்கூட மாற்றாமல், எதிரே உட்கார்ந்தாள். இருபத்தைந்து பாயின்ட் ஆட்டம்.

முதல் அடியில் ஸ்ட்ரைக்கரே பாக்கெட்டுக்குள் போயிற்று. மைனஸ். இரண்டாவது அடியில் காயின் பிரேமில் பட்டு அவன் மடியில் வந்து விழுந்தது. அவள் பேசவே இல்லை. குனிந்தாள், அடித்தாள், ரெட்டைப் போட்டாள், ஃபாலோவும் போட்டாள். மூன்றே போர்டு. 25-0.

பையனுக்கு முகம் செத்துவிட்டது. இதுவரை இந்த மாதிரி யாரும் அவனைத் தோற்கடித்ததில்லை. தோற்றால் 'மறுபடி முயற்சி செய்' என்று ஒரு பட்டனாவது வரும். இங்கே அவள் எழுந்து தண்ணி குடிக்கப் போய்விட்டாள். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே அவளிடம் போய்க் கேட்டான்.

"அந்த மூலைல இருந்த காயின, அந்தப் பக்கம் அடிச்சா இந்தப் பக்கம் வரும்னு எப்டி தெரியும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெர்ல... போட்டுப் போட்டு வந்துச்சு."

இதைவிட நல்ல பதிலை எந்தக் கோச்சும் சொல்லியிருக்க மாட்டார். பையனுக்கு அது பதிலாகவே படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. போனையும் எடுக்கவில்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் பயம் வந்துவிட்டது. அக்கா என்னைக் கேட்பாளே, "என்னடா பண்ணே எம் புள்ளைய?" என்று.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனாகவே போயிருக்கிறான். அதற்கடுத்த ஞாயிறும். கிளப்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதுவரை ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லையாம். அந்தப் பெண்ணிடம் மட்டும் நாலு தடவை தோற்றிருக்கிறான். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன்.

"மாமா, இன்னிக்கு ரெட் போட்டேன்!"

"ஃபாலோ?"

"ஃபாலோ மிஸ்ஸு. ரெட்ட எடுத்து நடுவுல வச்சிட்டாங்க. ஆனா எங்க தப்பு வுட்டேன்னு தெரிஞ்சிடுச்சு மாமா. பிரேம்ல ரெண்டு விரல் தள்ளிப் பட்டிருக்கணும்..."

அப்புறம் அந்த ஒரு அடியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினான். போனில் சார்ஜ் தீர்ந்து கட் ஆயிற்று. என்னுடைய போனில்தான்.